தொட்டிலோட நாலாவது கால்

கழுவிட்டீங்களா? சோப்பு போட்டா? சும்மா தண்ணியில நனைச்சுட்டு வந்த மாதிரி இருக்கே டீச்சரம்மா. தப்பா நெனைக்காதீங்க, இன்னொரு தடவ போய் கழுவிட்டு வந்துடுங்க. நகத்துக்கு அடியிலயும் நல்லாத் தேச்சுடுங்க. அந்தக் குழாய் கொஞ்சம் முரண்டு பிடிக்கும், அழுத்தித் திருப்பினாத்தான் தண்ணி வரும்.

ஆங், இப்ப சரி. இப்படி வாங்க, ஜன்னல் பக்கமா. அந்த நாற்காலி வேணாம், ஆடும். ஊர்ப்பட்ட சாமானெல்லாம் ரிப்பேர் பண்ணுவோம், நாங்க உக்கார்றத மட்டும் அப்படியே விட்டுடுவோம். இதுல உக்காருங்க. முதுகுக்கு இந்த ஸ்பாஞ்ச வச்சுக்கங்க. பெட்டிக்குள்ள வைக்கற ஸ்பாஞ்சுதான், புதுசு, இன்னும் எதுலயும் படல. இங்க மனுஷங்களுக்கு முதுகு வலிச்சா கேக்க ஆள் கிடையாது, சாமானுக்குன்னா உடனே மெத்த வந்துடும்.

அப்பக் கத்தினதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா. புள்ளத்தாச்சிப் பொண்ணுகிட்ட அப்படிக் கத்தியிருக்கக் கூடாது. பெட்டி மூடியத் தெறந்து தொட்டில ஒரு தடவ காட்டுங்கன்னு கேட்டீங்க, தெறந்தேன். கிளவுஸ் குடுத்தேன், போட்டீங்க. ஸ்க்ரூவெல்லாம் டப்பாவுல போடலாம்னு இந்தப் பக்கம் திரும்பறேன், நீங்க பாட்டுக்குக் கிளவுஸக் கழட்டிட்டு வெறுங்கைய அந்த விளிம்புக் கட்டை மேல வச்சு அப்படியே தடவறீங்க. வாய் முந்திக்கிச்சு. என்ன? ஆமா, அதான், அதுக்குத்தான். பழைய மரம் பாருங்க, கை வேர்வை பட்டா ஆகாது. அதுக்குத்தான் கத்தினேன்.

லாரி இன்னும் வரல. டிரைவருக்கு ஃபோன் போட்டா இதோ வந்துட்டேன்ங்கறான். இதோ வந்துட்டேன்னு சொல்றவன் எப்ப வந்திருக்கான்? வந்ததும் நீங்க மேல போகணும். டைரக்டர் ரூம்ல ஃபோட்டோக்காரங்கெல்லாம் வந்து உக்காந்துட்டாங்களாம். நீங்க ஒரு கையெழுத்து, டைரக்டர் ஒரு கையெழுத்து, கை குலுக்கல், சிரிப்பு. அதுக்குள்ள நான் இங்க மூடிய முடுக்கி ஏத்தி விட்டுடுவேன். அதோட அது உங்களுது. சே, பாத்தீங்களா. எப்பவுமே உங்களுதுதான். இத்தன வருஷம் இந்த மியூசியத்துல இருந்து வாய் அப்படியே பழகிப் போச்சு.

காலையில கேட்டீங்கள்ல, உங்களுக்கு இங்க என்ன வேலைன்னு. சரியா பதில் சொல்லாம மழுப்பிட்டேன். கெடாம பாத்துக்கற வேலைம்மா. அவ்வளவுதான். மரம்னா பூச்சி அரிக்காம, துணின்னா நெறம் போகாம, இரும்புன்னா துரு ஏறாம. என் வீட்டுக்காரி கிண்டல் பண்ணுவா. செத்துப்போன ராஜா வாளுக்கெல்லாம் எண்ண போடறீங்க, நம்ம வீட்டு பாத்ரூம் கதவு கிறீச்சு கிறீச்சுங்குது, அது காதுல விழலியான்னு. இன்னும் அத சரி பண்ணல. இன்னிக்கு மத்தியானம் ஃபோன்ல, அந்தத் தொட்டில் எடுத்துட்டுப் போக யாரு வந்திருக்காங்கன்னு கேட்டா. ஒரு டீச்சரம்மா, வயித்துல ஏழு மாசம்னு சொன்னேன். அய்யோ, பாவம் அலைய வச்சுட்டீங்களே, நல்லாப் பாத்துக்கங்கன்னா. சரின்னேன். வேற என்ன சொல்றது.

தூசி வருதா? மூடிய லேசா சாத்திடறேன். இருங்க, நீங்க எழுந்திருக்காதீங்க. அந்தப் பக்கமே இருங்க.

ம். அத நான் மொதல்ல பாத்தப்ப எனக்கு உங்க வயசு கூட இருக்காது. மேல ரெண்டாவது ஹால், கண்ணாடிப் பெட்டி, உள்ள ஒரு மஞ்சள் லைட். லேபிள்ல என்ன எழுதியிருந்துச்சு தெரியுமா? குழந்தைப் படுக்கை, மரம், அன்பளிப்பு. அவ்வளவுதான். எங்க ஆளுங்க உங்க ஊருக்குத் துப்பாக்கியோட வந்த காலத்துல, படையோட வந்த ஒரு டாக்டர் கொண்டு வந்து குடுத்தாராம். அந்த அன்பளிப்புங்கற வார்த்தைய நான் ஆயிரம் தடவ படிச்சிருப்பேன். கண்ணாடி தொடைக்கறப்பெல்லாம் அது மூக்குக்கு நேரா இருக்கும். ஒரு தடவ கூட எனக்குத் தோணலம்மா, தொட்டில யாராவது அன்பளிப்பாக் குடுப்பாங்களான்னு. அதுவும் படைக்காரங்களுக்கு. காலையில நீங்க சொன்னீங்களே, புள்ளய எடுத்துத் தரையில வச்சுட்டுத் தொட்டிலத் தூக்கிட்டுப் போனாங்க, விரிச்ச துணில சூடு கூட ஆறலன்னு. நீங்க அத சும்மா, பக்கத்து வீட்ல நடந்த மாதிரி சொல்லிட்டீங்க. எனக்கு அதுக்கப்புறம் டீ எறங்கல.

இதத் தேடிக்கிட்டு மொதல்ல வந்த உங்க தாய்மாமாவ எனக்குத் தெரியும். இல்ல, பேசினதில்ல. அவர் வந்தப்ப நான் அந்த ஹால்லதான் இருந்தேன், துணியும் ஸ்ப்ரேயும் கையுமா. ஒல்லியா, நெட்டையா, சட்டப் பாக்கெட்டுல கண்ணாடிக் கூடு வச்சிருந்தார். ஆமா, அவரேதான? அவர் மத்தவங்க மாதிரி சுத்திப் பாக்கல. நேரா வந்தார், அந்தப் பெட்டி முன்னாடி நின்னார், நின்னுக்கிட்டே இருந்தார். பொறகு உள்ளங்கைய அப்படியே கண்ணாடி மேல வச்சார். நம்ம செக்யூரிட்டி ஓடி வந்து, சார் தொடாதீங்க, தொடாதீங்கன்னான். அவன் மேல தப்பில்ல, அதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். உங்க மாமா கைய எடுத்துட்டுப் போயிட்டார். கண்ணாடியில கை அச்சு அப்படியே நின்னுச்சு, அஞ்சு வெரலும். நான் போய்... தொடச்சுட்டேன். என் வேலை அது. அன்னிக்குத் தொடச்ச அந்த அச்சு, அடுத்த நாள் அங்க நின்னா எனக்கு மட்டும் தெரியும்.

அவர் போய்ச் சேர்ந்துட்டார்னு நீங்க எழுதியிருந்தீங்கன்னு டைரக்டர் சொன்னப்ப எனக்கு என்னமோ மாதிரி ஆயிடுச்சு. இந்த நாள அவர் பாத்திருக்கணும்.

அவர் வந்துட்டுப் போன பிறகுதான் தொட்டில் விஷயம் பெருசாச்சு. பேப்பர்ல வந்துச்சு, டிவியில வந்துச்சு. குடுக்கணும்னு ஒரு கூட்டம், குடுக்கக் கூடாதுன்னு ஒரு கூட்டம். எதுக்கும் இருக்கட்டும்னு டைரக்டர் அத பெட்டியிலேர்ந்து எடுத்து எங்கிட்ட அனுப்பிச்சாங்க, நெலம எப்படி இருக்குன்னு பாருன்னு. அதோ, அந்த மேசை மேலதான் வச்சிருந்தேன். வெளக்கச் சாய்ச்சுப் பிடிச்சுப் பாக்கறது ஒரு வழக்கம். நேரா வெளிச்சம் விழுந்தா மரம் எல்லாத்தையும் மறச்சுடும். சாய்ச்சுப் பிடிச்சா மேடு பள்ளம் எல்லாம் தெரியும். அப்படிப் பாத்தப்பதான் அந்த விளிம்புக் கட்டை. ஒரு பக்கம் பூரா குட்டிக் குட்டிக் குழியா இருக்கு. மொதல்ல பூச்சி அரிச்சதுன்னுதான் நெனச்சேன், என் புத்தி அப்படித்தான போகும். அப்புறம் பூதக் கண்ணாடி வச்சுப் பாக்கறேன், ரெண்டு ரெண்டா இருக்கு. மேல ரெண்டு, கீழ ரெண்டு. பல்லும்மா. பல்லு மொளைக்கற வயசுல எந்திரிச்சு நின்னு கட்டையப் பிடிச்சுக் கடிச்சிருக்குங்க. ஒரு புள்ள இல்ல, எத்தன தலமொற. குழி மேல குழி, அது மேல எச்சி பட்டு வழவழன்னு ஆகி. அது மேல என் வெரல வச்சேன். நீங்க இப்ப வச்சீங்களே, அதே எடம்.

எங்க பையன் சின்னதுல என் தோள்பட்டையக் கடிப்பான். இப்ப அவனுக்குத் தாடி.

சிரிக்கறீங்க. சிரிங்க, நல்லது. ஒரு வேடிக்கை சொல்றேன் கேளுங்க. அந்தத் தொட்டிலுக்கு நாலு காலு இருக்குல்ல, அதுல ஒண்ணு உங்களுது இல்ல, எங்களுது. நெசமாத்தான். நான் வேலைக்குச் சேந்த புதுசுல ஹால் மாத்தினாங்க. தூக்கறப்ப ஒருத்தன் கை நழுவி, ஒரு காலு முறிஞ்சு போச்சு. அப்ப இங்க ஒரு கார்ப்பென்டர் இருந்தார், பேச்சு கம்மி, சிகரெட்டு ஜாஸ்தி. அவர் புது மரத்துல அப்படியே ஒரு காலச் செதுக்கி, கறுப்பு டீயில ஊற வச்சு நெறம் ஏத்தி மாட்டிட்டார். எந்தக் காலுன்னு கண்டுபிடிங்க பாப்போம்னு இப்பவும் புதுசா வர்ற பசங்களக் கேப்போம். ஒருத்தனும் சொன்னதில்ல. டைரக்டருக்கே தெரியாது. அந்தக் காலுக்கு வாடகையெல்லாம் கேக்க மாட்டோம், எடுத்துட்டுப் போங்க.

சரி, குடுக்கறதா வேணாமான்னு முடிவு பண்ண ஒரு கமிட்டி போட்டாங்க. அது பெரிய கூத்து. நீளமா ஒரு மேசை, ஒவ்வொருத்தர் முன்னாடியும் ஒரு தண்ணி பாட்டில், ஒருத்தரும் குடிக்க மாட்டாங்க. அதுல ஒருத்தர் பெரிய கியூரேட்டர். நாங்க அவருக்குப் பூட்டுன்னு பேர் வச்சிருக்கோம். எத கேட்டாலும் பூட்டி வைங்க, பூட்டி வைங்கம்பார். அவர்தான் குடுக்கவே கூடாதுன்னு ஒத்தக் கால்ல நின்னவர். கெட்டவர் இல்லம்மா, அத நான் சொல்லியே ஆகணும். தொட்டில் மேல அவருக்கு உசுரு. தெனம் ஒரு தடவ வந்து பாத்துட்டுப் போவார், ஏதோ ஆஸ்பத்திரியில சொந்தக்காரனப் பாக்கற மாதிரி. அவர் சொன்னது என்னன்னா, அது அங்க இருந்திருந்தா என்னிக்கோ மக்கி மண்ணாயிருக்கும், நாம காப்பாத்தினோம். இங்க இருந்தா உலகமே வந்து பாக்குது, அங்க போனா யாரு பாப்பாங்க. இன்னிக்கு ஒண்ணு குடுத்தா நாளைக்கு வாசல்ல க்யூ நிக்கும், கடைசியில செவுரும் ஜன்னலும்தான் மிஞ்சும். அப்படி இப்படின்னு. ஆளு நல்லாப் பேசுவார். மேசைக்கு ரெண்டு பக்கமும் தலை ஆடுது.

நான் அங்க பேசற ஆளு இல்ல. கேட்டா பதில் சொல்லணும், அவ்வளவுதான் என் எல்லை. ஆனா அன்னிக்கு எந்திரிச்சுட்டேன். அந்தப் பல்லுத் தடத்தப் பெருசா ஃபோட்டோ எடுத்து வச்சிருந்தேன், அத மேசை மேல வச்சேன். வச்சுட்டுச் சொன்னேன், அய்யா, இது காட்சிப் பொருள் இல்ல. இது தொட்டில். இதுல புள்ளைங்க படுத்திருக்கு, கடிச்சிருக்கு, மூத்திரம் போயிருக்கு. கண்ணாடிக்குள்ள வச்சு மஞ்ச லைட் போட்டா அது வெறும் சாமானா ஆயிடாது. குடுத்துடுங்கன்னேன். ஒரு பெரிய மனுஷி, கமிட்டியிலேயே ரொம்ப கறாரான ஆளு, அந்த ஃபோட்டோவத் தன் பக்கமா இழுத்து வச்சுக்கிட்டாங்க. பெருமையாத்தான் இருந்துச்சு எனக்கு. ஏன் மறைக்கணும். உங்க மாமாவோட கை அச்சத் தொடச்சதுக்குப் பதில் சொல்லிட்ட மாதிரி இருந்துச்சு.

அப்பதான் பூட்டு ஒரு கேள்வி கேட்டார். அத சொல்றேன், இருங்க. மொதல்ல தண்ணி குடிங்க. இது இந்த ரூம் தண்ணி இல்ல, மேலேருந்து கொண்டு வந்தேன்.

இல்லம்மா, ஒண்ணும் இல்ல. வேர்க்குது, அவ்வளவுதான். இந்த ரூம்ல காத்து வராது.

காலையில டீ குடிக்கறப்ப நான் உங்ககிட்ட ஒண்ணு கேட்டேன், ஞாபகம் இருக்கா? ஊருக்குப் போனதும் இத எங்க வைக்கப் போறீங்கன்னு. வேலைக்காரன் புத்தி, கண்ணாடி எந்த அளவு, வெயில் படுமா, ஈரம் ஏறுமா, இதெல்லாம் எழுதிக் குடுக்கலாம்னு பேனாவக் கூட எடுத்துட்டேன். நீங்க என்ன ஒரு மாதிரி பாத்தீங்க. புரியாத மாதிரி. எங்க வைக்கறதா, என் கட்டிலுக்குப் பக்கத்துலன்னீங்க. அப்புறம் வயித்த ஒரு தடவ தொட்டுக்கிட்டு, இதுதான் முதல்ல படுக்கப் போகுது, அதுக்குத்தான் என்ன அனுப்பிச்சாங்க, அடுத்தது எங்க சித்தி பொண்ணு புள்ளன்னு சொல்லிட்டு, டீயில இன்னும் கொஞ்சம் சக்கர போட்டுக்கிட்டீங்க.

அந்தப் பேனாவ எங்க வச்சேன்னு இன்னும் தெரியல.

எனக்கு அது தோணவே இல்லம்மா. சத்தியமாத் தோணல. கமிட்டியில மேசையத் தட்டாத குறையா, இது தொட்டில், இது தொட்டில்னு சொன்னவன் நான். ஆனா உள்ளுக்குள்ள நானே அத நம்பல. இங்கேருந்து எடுத்து அங்க ஒரு கண்ணாடிப் பெட்டியில வைப்பீங்க, உங்க ஊர்ப் பள்ளிக்கூடத்துலயோ ஆபீஸ்லயோ, உங்க ஜனங்க வந்து பாப்பாங்க, உங்க புள்ளைங்க மூக்கக் கண்ணாடியில வச்சு நசுக்கிப் பாக்கும். அப்படித்தான் என் கண்ணுல இருந்துச்சு. பொருள்னா கண்ணாடிக்குள்ளதான். வாழ்க்க பூரா அப்படியே பாத்த கண்ணு, வேற எப்படிப் பாக்கும்? திருப்பிக் குடுக்கறதுன்னா, ஒரு பெட்டியிலேர்ந்து இன்னொரு பெட்டிக்குன்னு நெனச்சேன். யாராவது ஒருத்தர் திரும்பவும் அதுல ஒரு புள்ளயப் போடுவாங்கன்னு... பூட்டுக்குத் தோணியிருக்கு பாருங்க. குடுக்கவே கூடாதுன்னு சொன்ன மனுஷனுக்குத் தோணியிருக்கு.

ஏன்னா, அவர் கேட்டது அதுதான். இதுக்கு அந்தக் காலத்துல மருந்து போட்டிருப்பாங்களே, அவங்க இத உபயோகிச்சா என்ன ஆகும், சோதிச்சீங்களான்னு கேட்டார்.

மருந்துன்னா, பூச்சிக்கு. இங்க அந்தக் காலத்துல மரம் வந்தாலும் தோல் வந்தாலும் இறகு வந்தாலும் மொத வேலை அதுதான். பாஷாணம், ஆர்சனிக்கும்பாங்களே, அந்த வெள்ளப் பொடி. தூவி, ப்ரஷ்ஷால நல்லா உள்ள ஏறத் தேச்சு வைப்பாங்க. வருஷா வருஷம் மறுபடி போடுவாங்க. கெடாம இருக்கணுமே. நான் சேர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடிதான் அத நிறுத்தினாங்க, ஆளுங்களுக்கே ஒடம்புக்கு வந்துச்சுன்னு.

அவர் அதக் கேட்டதும் எனக்கு என்ன வந்துச்சு தெரியுமா? கோவம். குடுக்காம இருக்க இவருக்கு இன்னொரு பூட்டு கெடச்சிருச்சுடான்னு. மொதல்ல திருடுவோம், அப்புறம் வெஷம் போடுவோம், அப்புறம் வெஷம் இருக்கு அதனால குடுக்க முடியாதும்போம். இதுக்கு மேல ஒரு அயோக்கியத்தனம் உண்டான்னு. கமிட்டி என்னப் பாத்துச் சொல்லிட்டாங்க, சோதிச்சு எழுதிக் குடுங்க, பிறகு ஓட்டுப் போடலாம்னு.

எங்ககிட்ட ஒரு மெஷின் இருக்கு, துப்பாக்கி மாதிரி. பொருள் மேல வச்சு அழுத்தினா உள்ள என்னென்ன இருக்குன்னு திரையில காட்டும். அந்த அலமாரியில இருக்கு பாருங்க, மஞ்ச உறை. அத விளிம்புக் கட்டையில வச்சேன். அந்தக் குழிகள்ல. அப்புறம் அடிப் பலகையில வச்சேன். ரெண்டு எடத்துலயும் பாஷாணம்னு காட்டுச்சு. அப்புறம் ரொம்ப நேரம் அந்த நாற்காலியிலதான் உக்காந்திருந்தேன், அந்த ஆடற நாற்காலி.

ஒரு புது காலு இருக்குன்னு சொன்னேன்ல? டீயில நெறம் ஏத்தினது? பொடி போடறத நிறுத்தினதுக்கு அப்புறம் வந்த மரம் அது. சுத்தம். கடைசியா மெஷின அதுமேல வச்சேன். சோதிச்ச எடத்துல ஒண்ணும் இல்லன்னு எழுதிக் குடுத்தேன். எந்த எடம்னு யாரும் கேக்கல. பூட்டு கூடப் படிச்சுட்டு, நல்லது, எனக்கு அது ஒண்ணுதான் கவலையா இருந்துச்சுன்னு எங்கிட்டயே சொன்னார். ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல பாஸ் ஆச்சு. அந்தப் பக்கத்திலேர்ந்து இந்தப் பக்கம் வந்த அந்த ஓட்டு, அவரோடதுதான்.

இல்லம்மா, பயப்படாதீங்க. ஒரு தடவ தொட்டதுக்கு ஒண்ணும் ஆகாது, அதான் ரெண்டு தடவ கழுவ வச்சேன். வாயில வைக்கலையே? டாக்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொல்லிடுங்க, ஆர்சனிக்குன்னு சொல்லுங்க, அவங்களுக்குப் புரியும்.

கழுவ முடியாதும்மா. தூக்கறவங்க கைக்காவது ஒண்ணும் ஆகாம இருக்கட்டும்னு, அதத்தான மூணு மாசமா படிச்சுட்டு இருக்கேன். மேல இருக்கறத எடுக்கலாம், எடுத்துட்டேன். உள்ள ஏறினது ஏறினதுதான். பெரியவங்க கிளவுஸ் போட்டுத் தூக்கலாம், தள்ளி நின்னு பாக்கலாம். புள்ளயப் போட முடியாது. உங்க புள்ள இல்ல, உங்க சித்தி பொண்ணு புள்ள இல்ல, இனிமே எந்தப் புள்ளயும். பல்லு மொளைக்கற புள்ள அந்தக் கட்டையப் பிடிச்சா என்ன செய்யும்னு நான்தான் கமிட்டிக்கே ஃபோட்டோ போட்டுக் காட்டினேன். அந்தக் குழியிலதான் பொடி அதிகம் தங்கியிருக்கு.

திட்டிடுங்கம்மா. இப்படி சும்மா பாக்காதீங்க.

லாரி வந்துடுச்சு. ஹார்ன் அடிக்கறான், கேக்குதா? அடிக்கட்டும். நீங்க சொன்னா நானே மேல போய் எல்லார் முன்னாடியும் சொல்லிடறேன். வேலை போகும், அது போகட்டும், அத விடுங்க. ஆனா சொன்னா இது கீழ ஸ்டோர் ரூமுக்குத் திரும்பிடும், அடுத்த கமிட்டி எப்போன்னு கடவுளுக்குத்தான் தெரியும். சொல்லலன்னா உங்களோட வரும், ஆனா வெறும் கட்டையா வரும். எது வேணும்னு நான் முடிவு பண்ணக் கூடாது. ஒரு தடவ உங்களுக்கும் சேத்து முடிவு பண்ணித்தான் இங்க வந்து நிக்கறேன். புள்ள விஷயம் மட்டும் நான் சொல்லாம உங்கள ஏத்தி விட முடியாது. காலையிலேர்ந்து முயற்சி பண்றேன், குழாயப் பத்திப் பேசறேன், நாற்காலியப் பத்திப் பேசறேன், இது மட்டும் வாயில வரல.

என்னம்மா, எந்திரிச்சுட்டீங்க? மேலயா? வழி இந்தப் பக்கம். அம்மா, பெட்டிப் பக்கம் இல்ல. கிளவுஸ். கிளவுஸ் போட்டுக்கங்க, இந்தாங்க. அம்மா, கேளுங்க. உங்க மாமாவுக்கு இங்க சொன்ன அதே வார்த்தைய உங்களுக்கும் சொல்ல வேண்டியிருக்கே, என் தலையெழுத்து. தொடாதீங்கம்மா. உங்களுதுதான், தொடாதீங்க.